தொண்ணூறு ஆடுகளுக்கு யார் பிணை?

மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்திலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். 1976இல் வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் மூங்கில் முக்காலி பின்னும் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தார். நிலமோ நகையோ ஈடாக இல்லாதவர்களுக்கு ஆளுக்கு ஆள் பிணை என்ற ஏற்பாடு அங்கிருந்து பிறந்தது என்பார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் ஜெர்மனிக்குப் போவார்கள். 1864இல் ஹெட்டஸ்டார்ஃப் ஊரில் ரைஃபைசன் தொடங்கிய கடன் சங்கத்தில், ஒருவர் வாங்கிய கடனுக்கு உறுப்பினர் எல்லோரும் வரம்பின்றிப் பொறுப்பு. இந்த இரண்டு பிறப்புக் கதைகளில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் கோயில் விளக்குத் தானங்களைப் பற்றிய வேறொரு வேலைக்காகத் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியைப் புரட்டியபோது கண்ணில் பட்ட ஒரு சோழர் காலப் பத்திரம், இந்த வரிசையை அப்படியே விட்டுவிட இடம் தரவில்லை.

பத்திரத்தின் செய்தி சுருக்கமானது. தொண்டை மண்டலத்து ஓர் ஊரின் மன்றாடி (ஆடு மாடு மேய்ப்பவர்) ஒருவர் கோயிலுக்கு உரிய தொண்ணூறு ஆடுகளைப் பெற்றுக்கொள்கிறார். அதற்கு ஈடாக அவர் கோயில் விளக்குக்கு நெய் அளக்க வேண்டும். அதே ஊரின் மற்ற மன்றாடிகள் தத்தம் பெயரைச் சொல்லி அவருக்குப் பிணை நிற்கிறார்கள். அவர் செத்துப்போனாலும், ஊரைவிட்டு ஓடிப்போனாலும், சிறையிலோ தளையிலோ சங்கிலியிலோ அகப்பட்டாலும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை நெய் அளப்பது எங்கள் பொறுப்பு என்று எல்லோரும் சேர்ந்து எழுதிக்கொடுக்கிறார்கள். ஈடாக நிலம் காட்டவில்லை, பொன் வைக்கவில்லை. ஆளுக்கு ஆள்தான் ஈடு.

முதல் கேள்வி, இதைக் கடன் என்று சொல்லலாமா என்பது. சொல்லக் கூடாது என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. இது தானம். யாரோ ஒருவர் புண்ணியம் வேண்டி நந்தா விளக்கு (இரவும் பகலும் அணையாத விளக்கு) வைக்க விரும்புகிறார். விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுக்கிறார், கோயில் அவற்றை மேய்ப்பவரிடம் ஒப்படைக்கிறது. ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் இவற்றைக் குறிக்கின்றன: செத்ததுக்கும் கிழடானதுக்கும் பதிலாகக் குட்டிகளை வளர்த்துச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதில் கடன் கொடுப்பவரும் இல்லை, தவணையும் இல்லை. தானத்துக்குப் போடப்பட்ட பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஒருவர் முடித்துவிடலாம். நானும் அந்த முடிவோடு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கக் கூடும். ஆனால் வெறும் பராமரிப்பு என்றால் இத்தனை பேர் பிணை எதற்கு? மேய்ப்புக்குக் கூலியாள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டியவர் ஆட்டுக்காரர். இங்கோ ஆடு வாங்கியவர்தான் நாள்தோறும் கொடுக்கிறார்.

எவ்வளவு கொடுக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு உழக்கு ஒரு நாழி. நாளுக்கு ஓர் உழக்கு என்றால் 360 நாள் ஆண்டுக்கு 360 உழக்கு, அதாவது 90 நாழி. ஆடும் 90. ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி நெய் என்று நேராக விழுகிறது. தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஆனால் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று சொல்லும் கல்வெட்டுகளும் ஏராளம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வைத்த விளக்குகளுக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று விகிதமே இருக்கிறது. இரண்டு ஆடு ஒரு பசுவுக்குச் சமம், ஆறு ஆடு ஓர் எருமைக்குச் சமம். 96 நாழியை உழக்காக்கினால் 384. அதிக மாதம் வரும் சந்திர ஆண்டுக்கு நாள் 384! இங்கேதான் ஆய்வாளர் தன் கையைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை அழகாகப் பொருந்தும் கணக்கை நம்புவதைவிடச் சந்தேகிப்பதே நல்லது. சாவுக்கும் நோய்க்கும் என ஆறு ஆடு கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் இதே 96 வரும். நாழியின் அளவும் ஊருக்கு ஊர் வேறு. ஒவ்வொரு கோயிலும் தன் பெயரில் தனி அளவு வைத்திருந்தது, தஞ்சையில் ‘ஆடவல்லான்’ என்ற அளவு இருந்ததுபோல. ஆகவே 384 நாள் கதையை ஓரமாக வைத்துவிட்டு, 90க்கும் 96க்கும் அடியில் ஆட்டுக்கு இத்தனை நெய் என்ற வீதக் கணக்கு ஒன்று இருந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வீதம் மந்தையின் முழு விளைச்சலா, ஒரு பங்கா என்பது அடுத்த கேள்வி. முழு விளைச்சல் என்றால் மேய்ப்பவர் வேலைக்காரர். பங்கு என்றால் மீதி அவர் வருமானம். அப்போது அவர் முதல் வாங்கித் தொழில் செய்கிறவர். இதற்குச் சான்று கல்லில் இல்லை, ஆட்டில்தான் இருக்கிறது. தொண்டை மண்டலத்தின் நாட்டுச் செம்மறி இன்று ‘சென்னைச் சிவப்பு’ என்று அறியப்படுவது. செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கங்களில் அதை இறைச்சிக்காக வளர்க்கிறார்கள், யாரும் பாலுக்காக வளர்ப்பதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆடு இதே ஆடுதானா, கல்வெட்டின் ‘ஆடு’ செம்மறியா வெள்ளாடா என்பவற்றில் வாதத்துக்கு இடமுண்டு. எப்படியானாலும் மந்தை என்பது பால் மட்டும் அல்ல. குட்டி இருக்கிறது, தோலும் இறைச்சியும் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலாக எரு இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆட்டுக் கிடை போட்டு நெல்லோ பணமோ கூலியாக வாங்குவது தமிழ்நாட்டில் இன்றும் நடக்கும் தொழில். தொண்ணூறு ஆடு என்பது கிடை போடத் தகுந்த மந்தை. குட்டி விற்று, கிடைக்கூலி வாங்கி, வீட்டுப் பசுவின் நெய்யை விளக்குக்கு அளந்தாலும் ஒப்பந்தம் நிறைவேறும். பசு, எருமை, ஆடு எதை வாங்கினாலும் கொடுக்க வேண்டியது ஒரே உழக்கு என்று தஞ்சை விகிதம் சொல்வதும் இதற்கு ஒத்துப்போகிறது. கோயில் நெய்யின் அளவைக் கேட்டது, எந்த மடியிலிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

இந்த இடத்தில் பத்திரத்தின் உருவம் துலங்குகிறது. முதல், ஆடாகக் கொடுக்கப்படுகிறது. வட்டி, நெய்யாக நாள்தோறும் வருகிறது. முதலைத் திருப்பிக் கேட்பதே இல்லை. திருப்பிக் கேட்காததனால் வட்டிக்கும் முடிவே இல்லை. அதே காலத்துப் பணத் தானங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். பெரிய கோயிலின் காசு அறக்கட்டளைகள் பெரும்பாலும் பிரமதேய (பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட) ஊர்களின் சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டன. ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி), அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அங்கே வாங்குபவர் நிலமுள்ள சபை. அதன் பின்னால் ஊர் நிலம் நிற்கிறது, அதனால் காசு போகிறது. மன்றாடியின் பின்னால் நிற்க நிலம் இல்லை. அவருக்குக் காசு போகவில்லை, அவர் தொழிலுக்கு வேண்டிய மந்தை போகிறது. நிலத்தின் இடத்தில் உறவும் ஊரும் பிணையாக நிற்கின்றன. ஒரே கோயில் அமைப்பு, வாங்குபவரின் நிலையைப் பார்த்து இரண்டு வகையாகக் கடன் கொடுத்தது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இதை ஏழைக்கு இரங்கிய நிதி ஏற்பாடு என்று புகழ்வதற்கு முன் அந்தச் சிறை, தளை, சங்கிலியைத் திரும்பப் படிக்க வேண்டும். ஒரு மேய்ப்பர் சிறைப்படுவது, சாவதும் ஓடிப்போவதும் போல எதிர்பார்க்கத்தக்க ஓர் ஆபத்தாகப் பத்திரத்தில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. ஓடிப்போவதும் அப்படித்தான்: ஆட்டை ஏற்றுக்கொண்டவர் அதைச் சுமையாக உணர்ந்து ஊரைவிட்டுப் போன நிகழ்வுகள் இல்லாமல் அந்தச் சொற்றொடர் பத்திரத்துக்குள் வந்திருக்காது. ஆடு ஏற்பது அவர் விருப்பமா, ஊர் அவர் தலையில் கட்டியதா என்பதைப் பிணைப் பத்திரத்தின் வாசகம் காட்டிக்கொடுப்பதில்லை. ஆடுகள் வந்த வழியும் எப்போதும் பக்தி அல்ல. வேட்டையில் கைதவறி மனிதனைக் கொன்றவர், செத்தவன் பொருட்டு விளக்கு வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன கல்வெட்டுகள் உண்டு. தண்டமாகக் கட்டிய ஆடு, இன்னொருவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நெய்ப் பாக்கியாக மாறுகிறது.

இனி, பத்திரத்தில் இல்லாதவர்கள். விளக்குத் தானம் கொடுத்தவர்களில் பெண்கள் நிறைய. செம்பியன் மாதேவி போன்ற அரசியர் மட்டுமல்ல, தேவரடியார்களும் சாதாரணக் குடும்பப் பெண்களும் தங்கள் பெயரிலேயே ஆடும் பொன்னும் கொடுத்திருக்கிறார்கள். அதாவது சொத்தைத் தன் பெயரில் கையாளும் பெண்ணைக் கல்வெட்டு எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆடு பெற்றவர், பிணை நின்றவர் என்று நான் படித்த பட்டியல்களில் வருவதோ மன்றாடி ஆண்களின் பெயர்கள். பெண்கள் கொடுத்த ஆட்டை ஆண்கள் வாங்கினார்கள் என்று இதை நிறுத்திவிடலாமா? நெய் வரும் வழியை யோசித்தால் முடியாது. கறந்து, காய்ச்சி, உறைகுத்தி, விடியலில் கடைந்து, வெண்ணெய் உருக்கி நெய்யாக்கும் வேலை யாருடையது?

இந்தக் கேள்விக்குப் பதிலாகக் கிடைக்கும் சான்று கல்வெட்டைவிடப் பழையது, ஆனால் அதே மண்ணைச் சேர்ந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஆயர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே ஓர் ஆய்மகள் விடியலில் தயிர் கடைகிறாள், மோரைத் தலையில் சுமந்து போய் விற்கிறாள், அதில் வந்த தானியத்தால் சுற்றத்துக்குச் சோறு போடுகிறாள். நெய்யை மட்டும் அவள் பொன்னுக்குக் கொடுப்பதில்லை. விலையாக எருமையும் பசுவும் கன்றும் வாங்கிக்கொள்கிறாள். பாட்டை வரலாற்றுச் சான்றாக எடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். புலவர் புரவலனின் நாட்டுச் செழிப்பைச் சொல்ல வந்தவர். ஆனாலும் மோர் வருமானம் அன்றாடச் செலவுக்கு, நெய் வருமானம் முதலுக்கு என்ற பிரிவினை வெறும் செழிப்பு வருணனை அல்ல. தொழில் நடத்துகிறவரின் கணக்கு அது. புலவர் எங்கேயோ அதைக் கண்டிருக்க வேண்டும். பாட்டுக்கும் பிணைப் பத்திரத்துக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி இருப்பதால், இரண்டையும் ஒரே வீட்டின் முன்வாசலும் கொல்லைப்புறமுமாக வைத்துப் படிப்பது ஊகம்தான். அந்த ஊகத்தை நான் செய்கிறேன்: மன்றாடி பெயரில் எழுதப்பட்ட நெய்க் கடமையை நாள்தோறும் நிறைவேற்றியதில் பாதிக்கு மேல் பெயர் எழுதப்படாத ஒருத்தியின் மத்து.

தேடல் இங்கிருந்து எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளைத் தாண்டிக் குதிப்பதற்கு ஒரு சின்ன காரணம் உண்டு, அது தலைப்புப் பக்கத்தில் இருக்கிறது. ஹுல்ட்ஸ் பதிப்பித்த கல்வெட்டு முதல் தொகுதி 1890இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சானது. ஐந்தே ஆண்டு கழித்து, 1895இல், அதே அச்சகம் இன்னொரு பெரிய நூலை வெளியிட்டது: சென்னை மாகாணத்தில் விவசாய வங்கிகள் தொடங்குவது பற்றி ஃபிரெடரிக் நிக்கல்சன் எழுதிய அறிக்கை. மாகாணத்து ரயத்துகளின் கடன் 45 கோடி ரூபாய் இருக்கும் என்று மதிப்பிட்ட நிக்கல்சன், பரிகாரம் தேடி ஐரோப்பாவின் கடன் சங்கங்களை அலசினார். உள்ளூரில் ‘நிதி’ எனப்பட்ட பரஸ்பரச் சேமிப்புச் சங்கங்களையும் பார்த்தார். அவர் வந்து சேர்ந்த முடிவு இரண்டே சொல்: ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள். நிலமற்ற ஒருவருக்கு ஊர்க்காரர்கள் வரம்பின்றிப் பிணை நிற்கும் பத்திரம், செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள நிலப்பகுதியின் கல்வெட்டுகளோடு சேர்ந்து அதே அச்சகத்திலிருந்து வெளிவந்திருந்தது. ஆனால் விளக்கு நெய்யைப் படிப்பவர்களும் விவசாயக் கடனைப் படிப்பவர்களும் வேறு வேறு அலமாரிகளுக்குப் போகிறவர்கள், இன்றும் அப்படித்தான்.

நிக்கல்சன் அறிக்கையின் வழியில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதமே மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திரூரில் பதிவானது. இது மறுபடியும் தொண்டை மண்டலம். பழைய பிணை வழக்கம் அங்கே உயிரோடிருந்து புதிய சங்கத்துக்கு வழிவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுத முடியாது. திரூருக்கும் அந்த மன்றாடிகளுக்கும் இடையே ஒரு தாள்கூட இல்லை. சட்டத்தின் பிரிவுகளைப் படித்தால் எதிர்த் திசையில்தான் சான்று கிடைக்கிறது.

ஒரே ஊரையோ ஒரே குலத்தையோ சேர்ந்த பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கலாம், கிராமச் சங்கத்தில் வரம்பற்ற பொறுப்பு என்பவை மட்டும் மன்றாடிகளுக்குப் பழக்கமானவை. ஆனால் கிராமச் சங்க உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் விவசாயிகளாக இருக்க வேண்டும் என்றது சட்டம். அதற்குப் பின் வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவைப் பலரும் வேகமாகத் தாண்டிப் போவார்கள். வரம்பற்ற பொறுப்புள்ள சங்கம், பதிவாளரின் அனுமதி இல்லாமல், அசையும் பொருளை ஈடாகப் பிடித்துக் கடன் கொடுக்கக் கூடாது. சட்டம் செய்தவர்களின் நோக்கம் தவறில்லை; கூட்டுறவுச் சங்கம் அடகுக்கடை ஆகிவிடக் கூடாது என்பதுதான் அது. விளைவைப் பாருங்கள். ஆடு அசையும் பொருள். மாடு அசையும் பொருள். நிலம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்த ஊரில், பெண்ணுக்கு என்று இருந்த ஒரே சொத்தான கழுத்து நகையும் அசையும் பொருள். சட்டம் பெண் என்ற சொல்லை எங்கும் சொல்லாமலே அவளை அடகுக்கடைக்கு அனுப்பிவைத்தது. (கூட்டுறவு வங்கிகள் பிற்காலத்தில் நகைக்கடனிலேயே பெரிய அளவில் இயங்கி, 2021இல் ஐந்து சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி தமிழ்நாட்டில் அரசியல் அறிவிப்பாகும் அளவுக்கு வந்தது தனிக்கதை.)

அந்தச் சட்டங்கள் எவ்வளவு தூரம் எட்டின என்பதற்கு 1951–52இல் நடந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு போதும். விவசாயக் குடும்பங்கள் வாங்கிய கடனில் கூட்டுறவுகளின் பங்கு நூற்றுக்கு 3.1. லேவாதேவிக்காரர்களுடையது ஏறக்குறைய எழுபது.

ஆள் பிணை மறுபடி காகிதத்தில் தலைகாட்டுவது 1989இல், தருமபுரியில். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அங்கே தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து வங்கியோடு இணைத்தது. 1992இல் நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வைத்துச் சோதனை நடத்தியது. இதையும் பழைய பத்திரத்தையும் ஒன்று என்று சொல்வது தவறாகும். மன்றாடிகள் முதலில் ஆடு வாங்கினார்கள், பிறகு காலமெல்லாம் கொடுத்தார்கள். குழுப் பெண்கள் முதலில் சேமிக்கிறார்கள், அந்தச் சேமிப்பைப் பார்த்து அதன் மடங்காக வங்கி கொடுக்கிறது, அதற்குத் தவணையும் முடிவும் உண்டு. அங்கே எல்லாப் பிணையாளிகளின் பெயரும் கல்லில் ஏறியது. இங்கே கடன் குழுவின் பெயரில், யார் யாருக்காகக் கட்டினார் என்பது குழுவின் தீர்மான நோட்டில். அந்த நோட்டுகளைத்தான் எதிர்கால ஆய்வாளர் தேடுவார். அவற்றைப் பத்திரப்படுத்தும் வழக்கம் நமக்கு இல்லை என்பது என் தொழில்முறைக் கவலை.

ஆனால் பத்திரத்துக்கு மிக அருகில் வரும் ஆவணம் சுய உதவிக் குழுவுடையது அல்ல. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தின் பயனாளிப் பட்டியல் அது. கிராமத்தின் ஏழைக் குடும்பங்களுக்கு, பெண்களை முன்னிறுத்தி, குடும்பத்துக்கு நான்கு ஆடுகள். விளக்கு இல்லை, உழக்கு இல்லை, பிணை இல்லை. ஆட்டைப் பெற்றவர் என்ற இடத்தில் கடைசியில் பெண்ணின் பெயர் வந்துவிட்டது. இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்தால் என் கண் பெயரைவிட எண்ணிக்கையில்தான் நிற்கிறது. தொண்ணூறு ஆட்டுக்கு ஒரு மேய்ப்பர் முழுநேரம் உழைக்கலாம், கிடை போடலாம், குட்டி விற்கலாம். விளக்குக்கு அளந்தது போக ஒரு குடும்பம் மந்தையை நம்பிப் பிழைக்கும். நான்கு ஆட்டை வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டிப்போட்டு, கூலி வேலைக்குப் போய் வந்த நேரத்தில் தழை ஒடித்துப் போட வேண்டும். பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ ஒன்றை விற்கலாம். அது அவசரத்துக்கு உதவும் சேமிப்பு. சுயதொழில் என்ற தலைப்பின் கீழ் அதைக் கணக்கெழுதும்போது, முதலீட்டின் அளவு என்ற கட்டத்தையும் சேர்த்து நிரப்ப வேண்டும்; மன்றாடிக்கு ஆடு எண்ணிக் கொடுத்தவர்கள் அதைத்தான் முதலில் எழுதினார்கள்.